வாய் முளைத்த பொம்மைகள்

ஒரு சாதனத்துக்கென்று உருவாக்கிய விளையாட்டை இன்னொரு சாதனத்தில் ஓடும்படி மாற்றி எழுதுவதை ஆங்கிலத்தில் 'போர்ட்' என்பார்கள். நான் அதைப் 'பெயர்ப்பு' என்று சொல்லிப் பார்க்கிறேன். மொழிபெயர்ப்பிலிருந்து மொழியை எடுத்துவிட்டால் மிஞ்சுகிற பாதி. நல்ல பெயர்ப்பு கண்ணில் படாது. கெட்ட பெயர்ப்போ நிமிடத்துக்கு ஒருமுறை 'நான் இங்கே இருக்கிறேன்' என்று கையை உயர்த்தும். 1998ஆம் ஆண்டு கணினிக்காக வெளிவந்த 'ஃபைனல் ஃபேண்டசி 7' இரண்டாவது வகையைச் சேர்ந்தது. 2010இல், இரண்டாம் ஆண்டு மாணவனாக விடுதியில் தங்கியிருந்தபோது, அதை ஒரு பழைய மடிக்கணினியில் தொடக்கம் முதல் இறுதிவரை விளையாடி முடித்தேன். பேரவை மலரில் இதற்கெல்லாம் இடமா என்று முகம் சுளிப்பவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும். இலக்கணம் பின்னால் வருகிறது.

விளையாட்டை அறியாதவர்களுக்கு இரண்டு வரி. ஜப்பானில் 1997 ஜனவரியில் பிளேஸ்டேஷன் சாதனத்துக்கென வெளியானது. மூன்று குறுவட்டுகள் கொண்ட நீண்ட கதை. ஷின்ரா என்ற பெரிய நிறுவனம் பூமியின் உயிரையே 'மாக்கோ' என்ற எரிசக்தியாக உறிஞ்சி விற்கிறது. மிட்கார் நகரத்தில் வசதி படைத்தவர்கள் உயரத்தில் ஒரு பெரிய இரும்புத் தட்டின் மீது வாழ, ஏழைகள் அதன் அடியில் வெயிலே படாத குடிசைகளில் வாழ்கிறார்கள். கிளவுட் என்ற இளைஞனும் பேரட், டீஃபா, ஏரிஸ் முதலான நண்பர்களும் அந்த நிறுவனத்தை எதிர்த்துப் புறப்படுகிறார்கள். பாத்திரங்கள் யாரும் பேசுவதில்லை. எல்லா உரையாடலும் எழுத்துதான், அதுவும் ஆங்கிலத்தில்.

1998இல் எனக்கு ஒன்பது வயது. கிள்ளானில் ஒரு மலிவுவிலை அடுக்குமாடி வீட்டில் குடியிருந்தோம். அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்புவரை ரப்பர் தோட்டத்தில் இருந்தவர்கள் நாங்கள். தோட்டம் வீடமைப்புத் திட்டத்துக்காகக் கைமாறிப் போனதும் அங்கிருந்த குடும்பங்கள் ஆளுக்கொரு பக்கமாகச் சிதறின. சிங்கப்பூரில் வேலை செய்துகொண்டிருந்த அம்மாவின் தம்பி, ஒரு விடுமுறைக்கு வந்தபோது யாரோ விளையாடிக் கழித்த பிளேஸ்டேஷன் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். வட்டுகளை இரவுச் சந்தையில் வாங்கினோம். எப்படிப்பட்ட வட்டுகள் என்று அக்காலத்துப் பிள்ளைகளுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பழைய சாதனம் என்பதால் உள்ளே இருந்த கண் தேய்ந்து போயிருந்தது. பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தால்தான் வட்டைப் படிக்கும்.

நான் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு. திரையில் ஓடிய ஆங்கிலத்தில் பத்துச் சொல்லுக்கு இரண்டு சொல்தான் பிடிபடும். அக்காவுக்குப் பதினான்கு வயது, படிவம் இரண்டு. நான் பொத்தானை அழுத்துவேன். அக்கா பக்கத்தில் அமர்ந்து வாசித்துத் தமிழில் சொல்வார். தெரியாத சொல் வந்தால் 'நிறுத்து' என்பார். பள்ளிக்கு வாங்கிய ஆங்கிலம்-மலாய் அகராதியைப் புரட்டுவார். ஜப்பானிய மொழியில் எழுதிய கதை ஆங்கிலத்துக்குப் போய், அங்கிருந்து அகராதி வழியாக மலாய்க்கு வந்து, அக்காவின் வாயில் தமிழாகி என்னிடம் வந்து சேர்ந்தது. இடையில் எத்தனை சுங்கச் சாவடி!

பாத்திரங்களுக்கு நாமே பெயர் வைத்துக்கொள்ளலாம். அக்கா இதில் தாராளம். வலது கையில் துப்பாக்கி பொருத்திய, மலைபோல் நிற்கும் பேரட்டுக்குச் சாதனத்தைக் கொண்டுவந்தவரின் நினைவாக 'மாமா' என்று பெயர் வைத்தார். ஆங்கில எழுத்தில் அது எப்படித் தோன்றும் என்று எண்ணிப் பாருங்கள். அந்த முரட்டு மனிதரை மற்றவர்களெல்லாம் 'அம்மா, அம்மா' என்று அழைப்பதுபோல் திரையில் ஓடிக்கொண்டிருந்தது.

பிளேஸ்டேஷனில் நடமாடும் இந்தப் பொம்மைகளுக்குக் கண் உண்டு, வாய் கிடையாது. முகத்தில் மூக்குக்குக் கீழே வெறும் தோல்தான். எனக்கு அது ஒரு குறையாகத் தோன்றியதே இல்லை. டீஃபாவுக்கு மெல்லிய குரல், மாமாவுக்குத் தொண்டை கட்டிய குரல், வில்லனுக்கு எங்கள் கட்டட நிர்வாகியின் குரல் என்று எல்லாமே பக்கத்திலிருந்து வந்துகொண்டிருந்தன.

மூன்றாவது வட்டில் கீறல். பாதிக் கடலில் கப்பல் நின்றதுபோல் கதை அங்கேயே நின்றுவிட்டது. பிறகு சாதனமும் ஓய்ந்தது. 2001இல் அக்கா எஸ்.பி.எம். எழுதினார். படிவம் ஆறுக்கு இடம் கிடைத்தது. அப்பாவுக்கு முதுகில் அடிபட்டு வேலைக்குப் போக முடியாமல் இருந்த நேரம் அது. அக்கா ஷா ஆலத்தில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் சேர்ந்தார். அந்தக் கடிதம் நெடுநாள் தொலைக்காட்சிக்கு அடியில் கிடந்தது. பிறகு எங்கே போனதென்று எனக்குத் தெரியாது. நான் எஸ்.டி.பி.எம். முடித்துப் பல்கலைக்கழகத்துக்குப் போனதும், விடுதிக் கட்டணம் கட்டியதும், அந்த மடிக்கணினி வாங்கியதும் அக்காவின் 'ஓவர்டைம்' பணத்தில்தான்.

விடுதியைக் காலி செய்த மூத்த மாணவர் ஒருவர் விட்டுச்சென்ற அட்டைப்பெட்டியில் அந்தக் கணினிப் பதிப்பு கிடந்தது. நான்கு வட்டுகள்: நிறுவுவதற்கு ஒன்று, கதைக்கு மூன்று. மூன்றாவதைத்தான் முதலில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். கீறல் இல்லை.

கீறல் வட்டில் இல்லையே தவிர, மற்ற எல்லா இடத்திலும் இருந்தது. முதல் தொல்லை விசைப்பலகை. விளையாட்டின் பொத்தான்களெல்லாம் வலப்பக்க எண் விசைகளில் அமைந்திருந்தன. என் மடிக்கணினியில் அந்தப் பகுதியே இல்லை. தனி விசைப்பலகை ஒன்றை இரவல் வாங்கி மேசையில் வைத்தேன். அடுத்தது படம். பின்னணிக் காட்சிகள் ஏறத்தாழ 320க்கு 240 புள்ளிகள் என்ற அளவுக்கு வரையப்பட்டவை. அவற்றை அப்படியே பெரிதாக்கிவிட்டு, ஆட்களை மட்டும் 640க்கு 480இல் புதிதாகத் தீட்டியிருந்தார்கள். மழையில் நனைந்த சுவரொட்டிக்கு முன்னால் புதுச்சட்டை போட்டு நின்றதுபோல் இருந்தார்கள் எல்லாரும். இடையிடையே வரும் திரைப்படக் காட்சிகள், கணினியில் ஏற்கெனவே இருந்த வேறொரு மென்பொருளோடு ஒத்துப்போகாமல், தலைகீழாக ஓடின. என் அறைத்தோழர் எதுவும் பேசாமல் எழுந்துவந்து மடிக்கணினியைக் கவிழ்த்துப் பிடித்தார். பிளேஸ்டேஷனையே கவிழ்த்து வைத்து வளர்ந்த எனக்கு அது மட்டும் சொந்த ஊருக்கு வந்ததுபோல் இருந்தது.

இசைதான் தாங்க முடியவில்லை. இதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டும். நோபுவோ உயேமாட்சு அமைத்த அந்த இசை, பிளேஸ்டேஷன் வட்டில் பாடல்களாகப் பதிவாகியிருக்கவில்லை. சுரக்குறிப்புகளும் வாத்தியங்களின் சிறு ஒலித்துண்டுகளும்தான் வட்டில் இருந்தன. சாதனத்தின் ஒலிச்சில்லு, 512 கிலோபைட் நினைவகத்தை வைத்துக்கொண்டு, ஒரே நேரத்தில் 24 குரல்கள்வரை அவற்றை வாசித்துக் காட்டியது. உயேமாட்சுவும் அவருடைய குழுவினரும் குறிப்பை எழுதியதோடு அந்தச் சில்லுக்கென்றே வாத்தியங்களையும் தேர்ந்தெடுத்திருந்தார்கள். கணினிக்குப் பெயர்த்தபோது குறிப்பு மட்டும் 'மிடி' வடிவில் வந்து சேர்ந்தது. வாத்தியத்தை வாங்குபவரின் கணினி பார்த்துக்கொள்ள வேண்டும். நல்ல ஒலியட்டை வைத்திருந்தவர்களுக்கு ஓரளவு கேட்கும்படி இருந்ததாம். என்னுடைய மடிக்கணினியில் விண்டோஸ் தருகிற சாதாரண ஒலிதான். கல்யாணத்துக்கு நாதஸ்வரக்காரர் வராமல், அதே மங்கள இசையைப் பிள்ளைகள் விளையாடும் கீபோர்டில் வாசித்துத் தாலி கட்டச் சொன்னதுபோல் இருந்தது. சுரம் ஒன்றும் தப்பவில்லை. ஆனால் நாதஸ்வரம் எங்கே?

முதல் வட்டின் முடிவில் ஏரிஸ் கொல்லப்படுகிறாள். 1997 முதல் இன்றுவரை இந்த விளையாட்டைப் பற்றிப் பேசும் எவரும் அந்த இடத்தைத் தொடாமல் போவதில்லை. அவள் இறந்ததும் ஒரு சண்டை வருகிறது. மற்றச் சண்டைகளுக்கெல்லாம் முழங்கும் போர் இசை அங்கே வராது. அவளுக்குரிய மெல்லிசையே தொடர்ந்து ஒலிக்க, நாம் அழுதுகொண்டே அடிக்க வேண்டும். ஒன்பது வயதில் அந்த இடத்தில் அக்கா மொழிபெயர்ப்பதை நிறுத்திவிட்டார். நானும் என்னவென்று கேட்கவில்லை. இசை போதுமானதாக இருந்தது. விடுதியில் அதே காட்சி வந்தபோது, ஆங்கிலத்தை நானே தடுமாறாமல் படித்தேன். ஒரு சொல்லும் புரியாமல் இல்லை. பின்னணியில் 'டிங், டிங்' என்று கைப்பேசி மணி போன்ற ஒன்று. ஒலியை அணைத்துவிட்டு அமைதியாகச் சண்டையை முடித்தேன்.

இன்னொரு மாற்றமும் இருந்தது. கணினிப் பதிப்பில் பொம்மைகளுக்கு வாய் வரைந்திருந்தார்கள்! யாரோ ஒருவர் உட்கார்ந்து, 'அடடா, இவர்களுக்கு வாயில்லையே' என்று பரிதாபப்பட்டு, ஒவ்வொரு முகத்திலும் ஒரு கோடு இழுத்திருக்க வேண்டும். வாய் வந்தது, பேச்சு வரவில்லை. எழுத்துகள் கீழே ஓட, அந்த வாய் அசையாமல் அப்படியே இருந்தது. வாயில்லாத முகத்தில் எந்தக் குரலையும் பொருத்தலாம். வாயுள்ள ஊமை முகத்தில் ஒன்றும் ஒட்டவில்லை.

இப்போது இலக்கணம். ஆங்கில மொழிபெயர்ப்பில் புகழ்பெற்ற பிழை ஒன்று உண்டு. மிட்கார் குடிசைப் பகுதியில் நோயாளி ஒருவனைக் காட்டி ஏரிஸ் பேசும்போது, ஒருமை எழுவாய்க்குப் பன்மை வினை போட்டுவிடுகிறாள். 'இந்த ஆளுக்கு உடம்பு சரியில்லை' என்பது 'இந்த ஆள் நோயுற்றிருக்கிறார்கள்' என்று ஆகிவிட்டது. 1998இல் அக்கா அதைப் பார்த்துவிட்டு அகராதியை மூடினார். "பாத்தியா? இவ்ளோ பெரிய கேம் செய்றவனுக்கே இங்கிலீசு தப்பா வருது. நமக்கு வந்தா என்னா?" என்றார். மறுவாரம் வகுப்பில் ஆங்கிலம் வாசிக்க நானாகவே கையைத் தூக்கினேன். கணினிப் பதிப்பில் அந்தப் பிழையைத் திருத்திவிட்டார்கள். இசையைக் கோட்டைவிட்டவர்கள், வீடியோவைக் கோட்டைவிட்டவர்கள், எத்தனையோ கோளாறுகளை அப்படியே அனுப்பியவர்கள், அந்த ஒரு வினைச்சொல்லைத் தேடிப் பிடித்துத் திருத்தியிருக்கிறார்கள். நன்னூல் படிக்கும் மாணவர்களுக்கு வழு, வழாநிலை, வழுவமைதி மூன்றும் தெரிந்திருக்கும். பிழையாக இருந்தும் இலக்கணம் ஏற்றுக்கொள்வது வழுவமைதி. உவப்பின் காரணமாகப் பாலும் திணையும் மயங்கலாம் என்று நன்னூலார் அனுமதிக்கிறார். தன் பசுவைப் பார்த்து அம்மா வந்துவிட்டாள் என்று ஒருவன் சொன்னால் யாரும் அவனைத் திருத்துவதில்லை. பெயர்ப்புக்காரர்களுக்கு நன்னூல் தெரிந்திருக்க நியாயமில்லை.

பேரட்டின் சொந்த ஊர் கோரல். அது பாலைவனத்துக்கு அருகில் இப்போது குப்பைமேடாகக் கிடக்கும் ஊர். அங்கே ஷின்ரா மாக்கோ உலை கட்ட வந்தபோது வேண்டாம் என்றவன் டைன் என்ற ஒரே நண்பன். கட்டட்டும், நம் பிழைப்பு சீராகும் என்று வாதாடியவர் பேரட். பிறகு உலையில் விபத்து நேர்ந்தது. பழியை ஊர்மக்கள்மீது போட்டு நிறுவனம் ஊரையே எரித்தது. மலைவிளிம்பில் தொங்கிய டைனைப் பேரட் பிடித்துக்கொண்டிருந்தபோது இருவர் கைகளையும் துப்பாக்கிக் குண்டுகள் சிதைத்தன. நண்பனின் குழந்தையைப் பேரட் தன் மகளாக வளர்க்கிறார்.

அக்கா சொன்ன கதையில் கோரல் ஒரு ரப்பர் தோட்டம். மாமா பால்மரம் வெட்டினவர். கம்பெனிக்காரன் வந்து நிலத்தைக் கேட்டான், எல்லாருக்கும் வீடு தருகிறோம் என்றான், மாமா நம்பிக் கையெழுத்துப் போட்டார், டைன் போடமாட்டேன் என்றான். எரிந்த ஊரைப் பார்த்தபோது எங்கள் பழைய லயத்து வீடுகளை நினைத்துக்கொண்டேன். அப்பா அப்போது பின்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர் எங்கள் விளையாட்டைத் திரும்பிக்கூடப் பார்க்காதவர். அன்று மட்டும், "டைனு என்ன ஆனான்?" என்று கேட்டார்.

விடுதியில் அந்தப் பகுதியைப் படித்தேன். பால்மரமும் இல்லை, தோட்டமும் இல்லை. கோரல் நிலக்கரிச் சுரங்க ஊர். பன்னிரண்டு ஆண்டுகளாக என் மனத்தில் பேரட் காலை நான்கு மணிக்குத் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரம் வெட்டப் போய்க்கொண்டிருந்தார். தலையில் விளக்கு சுரங்கத்துக்கும் பொருந்தும் என்பது வேறு விஷயம்.

மணி இரவு பதினொன்று. அக்காவுக்கு இரவு வேலை, உணவு இடைவேளை நேரம். அழைத்தேன்.

"அக்கா, பேரட்டு எந்த ஊரு?"

"யாரு?"

"மாமாக்கா. துப்பாக்கிக் கை மாமா."

"அவரா? தோட்டத்துக்காரரு." கொஞ்சம்கூட யோசிக்கவில்லை.

"நிலக்கரிச் சுரங்கம்னு போட்டிருக்கு."

பின்னால் இயந்திரச் சத்தம் கேட்டது. அக்கா சிரித்தார். "டிக்சனரியில 'அராங் பத்து'ன்னு இருந்துச்சு. அராங்னா கரி. அடுப்புக்கரின்னு நெனச்சிட்டேன் லா. அடுப்புக்கரிக்காக யாராச்சும் ஊரையே எரிப்பாங்களா? நீ நம்ப மாட்டியேன்னு தோட்டம்னு மாத்திட்டேன்."

நான் வேறொரு பதிலை எதிர்பார்த்திருந்தேன். நம் கதையைத்தான் சொன்னேன் என்றோ, அப்பா கேட்கட்டும் என்றுதான் சொன்னேன் என்றோ. விமர்சனக் கட்டுரைகள் எழுதிப் பழகிய புத்தி அப்படித்தான் போகும். "ஏன்டா, தப்பா?" என்று கேட்டார். இல்லை என்றேன். பரீட்சை எப்போது, படிக்கிறாயா இல்லையா என்று கேட்டுவிட்டு வேலைக்குத் திரும்பிவிட்டார்.

கோரலை விட்டு வெளியேற ஒரு பந்தயம் உண்டு. சொக்கோபோ என்ற பெரிய பறவையின்மேல் ஏறி ஓடி வெல்ல வேண்டும். வேறு வழியே கிடையாது. விண்டோஸ் எக்ஸ்பியில் அந்தப் பந்தயம் தொடங்கும்போதெல்லாம் விளையாட்டு அறுந்து விழும். மூன்று இரவுகள் விழுந்தது. முதல் வட்டிலேயே என் கதை முடிந்திருக்க வேண்டியது. காப்பாற்றியவர்கள் முகம் தெரியாத ரசிகர்கள். காசு வாங்காமல், யாரும் கேட்காமல், எங்கெங்கோ உட்கார்ந்துகொண்டு அந்தக் கோளாறுக்கு ஒட்டுநிரல் எழுதி வைத்திருந்தார்கள். அதைச் சேர்த்ததும் பறவை ஓடியது. ஏனைய கோளாறுகளுக்கும், ஏன், பிளேஸ்டேஷன் இசையைத் திரும்பக் கொண்டுவருவதற்கும்கூட அப்படிப்பட்டவர்கள் வழி செய்து வைத்திருந்தார்கள். இசைக்கான ஒட்டை நான் சேர்க்கவில்லை. பரீட்சை நெருங்கிவிட்டது, இரவல் வாங்கிய விசைப்பலகையையும் திருப்பிக் கேட்டார்கள். அவசர அவசரமாக, 'டிங், டிங்' இசையோடே மூன்றாவது வட்டை முடித்தேன். முடிவு எப்படியிருந்தது என்று அக்காவிடம் தமிழில் சொன்னேன். "அவ்ளோதானா?" என்றார்.

2012இல் கணினிக்கென்று மறுபதிப்பு ஒன்று வந்தது. முதலில் அதிலும் இசை மிடி தரத்திலேயே இருந்ததால் ரசிகர்கள் மறுபடியும் சண்டைக்குப் போனார்கள். 2013இல் அது ஸ்டீம் தளத்துக்கும் வந்தது. 2020இல் முதல் பகுதியாக வெளிவந்த புத்தாக்கத்தில் எல்லாருக்கும் வாய் அசைகிறது, குரல் வருகிறது, பேரட் உண்மையாகவே உறுமுகிறார். நன்றாகத்தான் இருக்கிறது. நான் பாதியில் விட்டுவிட்டேன்.

அக்காவுக்குக் கல்யாணமாகி ஒரு மகன். 2022 தீபாவளிக்கு அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தபோது அவனுக்கு ஒன்பது வயது. என் மடிக்கணினியில் இருந்த ஸ்டீம் பதிப்பைத் தொலைக்காட்சியில் இணைத்துக் கொடுத்தேன். அவனுக்கு ஆங்கிலம் தண்ணீர் பட்ட பாடு. அக்கா பழக்கதோஷத்தில் பக்கத்தில் வந்து அமர்ந்து ஒரு வரியைத் தமிழில் சொல்லத் தொடங்க, "மா, எனக்குப் படிக்கத் தெரியும்மா" என்றான். அக்கா பேசாமல் முறுக்கைக் கடித்துக்கொண்டிருந்தார். பிறகு துப்பாக்கிக் கைக்காரருக்குப் பெயர் கேட்டுத் திரை நின்றது. அவன் அப்படியே 'பேரட்' என்று விட்டுவிடப் போனான்.

"இரு இரு, குடு" என்று கைப்பிடியை வாங்கி, அக்கா ஒவ்வோர் எழுத்தாகத் தேடி 'மாமா' என்று அடித்தார். பையன் திரையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"மாமா, ஒங்க பேரா வச்சிருக்காங்க?"

"அவரு தோட்டத்துக்காரருடா" என்றார் அக்கா.